குரூப் புராஜெக்ட்: ஒருத்தர் இழுக்க, மற்றவர்கள் தேரில் உட்கார்ந்து வருவதா?

கேள்வி, 5.8.2023

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விளம்பரப் பாடத்துக்கு ஆறு பேர் சேர்ந்து ஒரு கேம்பெயின் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை பார்த்ததில் குரூப் புராஜெக்ட் என்றால் ஒருத்தர் தேரை இழுப்பது, ஐந்து பேர் மேலே உட்கார்ந்து வருவது. விளம்பரம் மாதிரி யோசித்துச் செய்ய வேண்டிய வேலையை ஏன் கூட்டமாகச் செய்யச் சொல்கிறார்கள்? தனித்தனியாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

6.8.2023, காலை

ஒன்றும் குறையாது. நானும் விஸ்காம்தான், மதுரை, மூன்றாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் எனக்கும் இதே தலைவலி. ஆறு பேர். பெயர் சொல்ல மாட்டேன், யாரிடம் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். லேப்டாப்காரன், கேமராக்காரி, கையெழுத்துக்காரி (ரெக்கார்டு நோட்டு இவள் தலையில்), மேலூர்க்காரன் (மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், மூன்றேகாலுக்கே முகத்தில் மேலூர் தெரிய ஆரம்பித்துவிடும்), பைக் வைத்திருக்கிற ஒருத்தன், அப்புறம் நான். என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் லீடர்.

யார் யார் என்ன செய்வது என்று பிரித்து வாட்ஸாப்பில் போட்டு ஒரு வாரம் ஆகிறது. ஐந்து கட்டைவிரல் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

6.8.2023, இரவு

தலைப்பைச் சொல்ல மறந்துவிட்டேன். பொதுநல விளம்பரம், மஞ்சப்பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஆரம்பித்தது. ஆனாலும் சந்தையில் போய் நின்று பார்த்தால் கத்தரிக்காய் இன்னும் கேரி பேக்கில்தான் வீட்டுக்குப் போகிறது. இதற்கு ஒரு போஸ்டர், ஒரு ரேடியோ ஸ்பாட் (வானொலி விளம்பரம்), முப்பது வினாடி வீடியோ செய்ய வேண்டும்.

போஸ்டரை நேற்று ராத்திரியே முடித்துவிட்டேன். ஒன்பதுக்கு உட்கார்ந்து இரண்டரைக்கு எழுந்தேன். வெள்ளைத் தாள். நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மஞ்சப்பை. கீழே ஒரே வரி: ‘பை சிறிது. பூமி பெரிது.’ மீதியெல்லாம் வெறும் வெள்ளை.

எங்கிருந்து வந்தது என்று விஸ்காம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். 1959-இல் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர ஏஜென்சி ஃபோக்ஸ்வாகன் காருக்குச் செய்தது. கப்பல் மாதிரி இருந்தால்தான் கார் என்று நினைத்துக்கொண்டிருந்த அமெரிக்காவில், பக்கம் முழுக்க வெள்ளையை விட்டுவிட்டு நடுவில் ஒரு பொடிக் காரை வைத்தார்கள். சின்னதாக யோசி என்று தலைப்பு. 1999-இல் அட்வர்டைசிங் ஏஜ் பத்திரிகை இருபதாம் நூற்றாண்டின் சிறந்த விளம்பரங்களை வரிசைப்படுத்தியபோது இந்தக் கேம்பெயினுக்குத்தான் முதலிடம். ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இந்நேரம் என் போஸ்டரில் பூமி உருண்டை, அதைத் தாங்கும் இரண்டு கை, ஒரு மரக்கன்று, சொட்டுகிற தண்ணீர் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும்.

7.8.2023

திருத்தம். மேலே ஒருவர் சொன்னது சரி. அந்த விளம்பரத்தில் கார் நடுவில் இல்லை. இடது பக்கம் மேலே, லேசாகச் சாய்ந்து நிற்கும். நினைவிலிருந்து திருடியிருக்கிறேன், அதையும் தப்பாக.

13.8.2023

போஸ்டரைப் போடுங்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போடலாம், ஆனால் இப்போதைக்கு அதில் பை என்ற எழுத்து இல்லை. லேப்டாப்காரனின் ஃபோட்டோஷாப்பில் திறந்தால் இணைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது, பஸ்ஸில் தப்பான வாசலில் ஏறின மாதிரி. ஒரு நாள் முழுக்க ஃபாண்ட் மாற்றி மாற்றிப் பார்த்தோம். தப்பு ஃபாண்டில் இல்லை. பிரிஃபரன்சஸில் டைப் என்ற இடத்துக்குப் போய் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்து, பத்திப் பேனலில் வேர்ல்ட் ரெடி என்பதையும் போட்டால் கொம்பு தன் இடத்துக்கு வருகிறது. பழைய வெர்ஷன் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், என் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காவது பயன்படட்டும்.

அச்சடித்துத் தரப் போகிற பிரஸ் அண்ணனிடம் போனில் கேட்டபோது இதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. “எந்த எழுத்தா இருந்தாலும் கர்வ் பண்ணிக் கொண்டாந்திரு பாப்பா” என்றார். எழுத்தை எழுத்தாக இல்லாமல் கோடாக மாற்றிவிடுவது, கோரல்டிராவில் கண்ட்ரோலும் கியூவும். அதற்கப்புறம் எந்த கம்ப்யூட்டரில் திறந்தாலும் கொம்பு நகராது. எழுத்துப் பிழை இருந்தால் அதுவும் நகராது, அதனால் கர்வ் பண்ணாத ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

20.8.2023

இன்று சண்டை. பைக் வைத்திருக்கிறவனோடு. தலைப்பு மஞ்சப்பை என்று முடிவான நாளிலேயே அவன் பெயர் பைக்காரன் ஆகிவிட்டது, இனிமேல் அப்படியே எழுதுகிறேன்.

ரேடியோ ஸ்பாட் அவன் வேலை. ஒரு வரி எழுதவில்லை. கேள்வி மட்டும் கேட்கிறான். என் போஸ்டரைப் பார்த்துவிட்டு முதல் கேள்வி: “இத எங்க ஒட்டப் போறோம்?”

“எங்க வேணா ஒட்டலாம்டா.”

“மதுரையில எங்க வேணா ஒட்டுனா எவன் பாப்பான்?”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மதுரையில் ஒரு சுவரில் ஒரு போஸ்டர் ஒரு நாள் தனியாக இருந்தால் அது அதிசயம். அரசியல், காதணி விழா, நடிகர் பிறந்தநாள், ‘மாப்பிள்ளை வாழ்க’ என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கிழித்தால் அட்டை மாதிரி வரும். அந்தச் சுவரில் என் வெள்ளைப் போஸ்டர் இன்னும் அச்சடிக்காத பேப்பர் மாதிரி தெரியும் என்றான். அடுத்த ஆள் அதை வெறும் இடம் என்று நினைத்து மேலேயே ஒட்டிவிட்டுப் போவானாம். கேமராக்காரி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வேலையும் செய்யாமல் செய்கிறவர்களுக்கு முட்டுக்கட்டை போடுகிறவனை என்ன செய்வது? நிஜமாகவே கேட்கிறேன்.

21.8.2023

முதல் கேள்வி கேட்டவர் தேரை வைத்துச் சொன்னார் இல்லையா, அதை நிஜமாகவே ஒருவர் கயிறு கட்டி அளந்து பார்த்திருக்கிறார். மாக்ஸ் ரிங்கல்மன், பிரெஞ்சு உளவியலாளர். ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி இழுவிசையை அளந்தார். தனி ஆள் இழுப்பதை நூறு என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு அதில் பாதிதான் வந்தது. 1913-இல் வெளியிட்டார். இதை பிரிண்ட் எடுத்து ஐந்து பேருக்கும் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

22.8.2023

உளவியலாளர் இல்லை, விவசாயப் பொறியாளர். திருத்தியவருக்கு நன்றி. மாடு, மனுஷன், மெஷின் எது எவ்வளவு இழுக்கும் என்று பார்க்கிறவர். குரூப் புராஜெக்டில் நம்மை எந்த வரிசையில் வைப்பார் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் பாதியிலேயே விட்டுவிட்டேன். சோம்பலால் மட்டும்தான் பாதியானது என்று ரிங்கல்மன் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் போகிற விசையையும் சேர்த்துத்தான் சொன்னார். இரண்டையும் பிரித்துப் பார்த்தது பின்னால் வந்தவர்கள். 1979-இல் லட்டானே என்பவரும் கூட்டாளிகளும் ஆட்களைக் கத்தச் சொல்லி, கைதட்டச் சொல்லிப் பார்த்தார்கள். கூட்டத்தில் இருக்கிறோம் என்று நினைத்தாலே சத்தம் குறைந்தது. 1981-இல் அதே ஆராய்ச்சியாளர்கள் செய்த இன்னொரு ஆய்வில், தன் சத்தம் தனியாகத் தெரியும் என்று சொன்னதும் திரும்ப ஏறியது. ஆக, யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதி வைத்தால் போதும். எங்கள் துறையில் அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. வருகிற 25-ஆம் தேதி இடைக்கால மதிப்பீடு, ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேருக்கும் பத்துக்கு மார்க் போட வேண்டும். ரகசியம்.

25.8.2023

போட்டாச்சு.

27.8.2023

சரி, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

போஸ்டரை மக்களிடம் காட்டி ரிப்போர்ட் எழுத வேண்டும் என்பதும் புராஜெக்டில் ஒரு பகுதி. ஏ3-இல் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்கு அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போனோம். 1999-இல் உழவர் சந்தைத் திட்டம் தொடங்கியபோது முதலில் திறந்தது இதைத்தான். நான், கையெழுத்துக்காரி, பைக்காரன். மூன்று பேரும் ஒரே வண்டியில், அது தனிக் கதை.

ஒன்பது பேரிடம் காட்டினோம். மூன்று பேர் நிற்கவே இல்லை. ஒருவர் “நோட்டீஸா? குடு” என்று வாங்கி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தார், துரத்திப் போய் வாங்க வேண்டியதாயிற்று. ஒருவர் ஜவுளிக்கடை விளம்பரம் என்று நினைத்தார். “ஆடிதான் முடிஞ்சிருச்சே, இன்னும் தள்ளுபடியா?” என்றார்.

அப்புறம் கீரை விற்கிற ஒரு அம்மா. கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். வரியைப் படித்தாரா என்று தெரியவில்லை, படத்தையே பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“யாருக்குத் தாயி கல்யாணம்?”

எனக்குப் புரியவே ஐந்து நொடி ஆனது. மஞ்சப்பை. தாம்பூலப் பை! தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டு, மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்து, சாப்பிட்டுவிட்டு வரும்போது வாசலில் நின்று கொடுப்பார்களே, அது. இருபது வருஷமாக நானே கையில் வாங்கியிருக்கிறேன். வெள்ளைத் தாளில் நடுவில் ஒரு மஞ்சப்பையை வைத்து அழகாக ஒரு வரி போட்டால் அது கல்யாணப் பத்திரிகை இல்லாமல் வேறு என்ன?

பைக்காரன் அந்த அம்மாவிடம் உட்கார்ந்துவிட்டான். பிளாஸ்டிக் பற்றிக் கேட்டான். “பையில்லாத வீடு எங்கப்பு இருக்கு? எல்லார் வீட்டுலயும் கதவுக்குப் பின்னால பத்துப் பை தொங்கும். வரும்போது எடுக்க மாட்டாக” என்றார். இதைக் கையெழுத்துக்காரி அப்படியே எழுதிக்கொண்டாள். நான் எழுதவில்லை. நான் என் போஸ்டரை உருட்டிக்கொண்டு நின்றேன்.

28.8.2023

தூக்கம் வரவில்லை. ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு விமர்சகரின் ஒரு கட்டுரை எங்கள் சிலபஸில் இருக்கிறது, 1964-இல் எழுதியது. பன்சானி என்ற கம்பெனியின் விளம்பரம் ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். வலைப்பை ஒன்றிலிருந்து பாஸ்தா பாக்கெட், தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், காளான் எல்லாம் சரிந்து வெளியே வருகிற படம். பை வாய் திறந்திருப்பதாலேயே ‘இப்போதுதான் சந்தையிலிருந்து வருகிறேன்’ என்று சொல்கிறது என்பார். தக்காளி, குடைமிளகாய், படத்தில் இருக்கும் மஞ்சள், பச்சை, பின்னால் இருக்கும் சிவப்பு எல்லாம் சேர்ந்து இத்தாலி என்கின்றன. அதுவும் இத்தாலிக்காரன் பார்க்கிற இத்தாலி இல்லை, பிரெஞ்சுக்காரன் மனதில் வைத்திருக்கிற இத்தாலி.

போன செமஸ்டரில் இதற்குப் பத்து மார்க் கேள்வி வந்தது, நான் ஒன்பது வாங்கினேன். சந்தையிலிருந்து வருகிற பையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவளுக்குச் சந்தைக்குப் போகிற பையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

எவ்வளவு இருக்கிறது! மஞ்சப்பையோடு எழும்பூரில் வந்து இறங்கினால் பட்டிக்காட்டான் என்ற கேலி. மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றால் ஆள் திவால். அதே மஞ்சளைப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவினால் மங்கலம். பையில் கடைப் பெயர் இருந்தால் ஜவுளிக்கடை. இதில் எதை நான் சொல்ல வந்தேன்? படம் பல பொருள் தரும், பக்கத்தில் இருக்கும் வார்த்தைதான் ஒன்றை நங்கூரம் போட்டு நிறுத்தும் என்று அதே கட்டுரையில் வரும். ‘பை சிறிது. பூமி பெரிது’ எதை நிறுத்துகிறது? ஒன்றையும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அதை எழுதிவிட்டு எழுந்து நின்று பார்த்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

29.8.2023

ஒருவர் கேட்டிருக்கிறார், அப்படியென்றால் படிக்காமலே புரிகிற விளம்பரம் எது என்று. கண்ணீர் அஞ்சலி போஸ்டர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நடுவில் முகம், மேலே கண், கீழே தேதி, சுற்றிலும் கறுப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து, ஒரு எழுத்துகூடப் படிக்காமல் தெரிந்துவிடும். யார் என்று பார்க்கத்தான் கிட்டே போவோம்.

3.9.2023

20-ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு பின்குறிப்பு. முட்டுக்கட்டை என்று எழுதியிருந்தேன் அல்லவா? இதை அம்மாவிடம் சொல்லிப் புலம்பியபோது அம்மா சிரித்தார். “ஒங்க மாமா இருவது வருஷமா அந்த வேலைதான பாக்குறாரு?”

மறந்தே போயிருந்தேன். அம்மா ஊரில் தேரோட்டத்துக்கு மாமாதான் கட்டை போடுவார். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் முன்னால் போய்க்கொண்டே இருப்பார்கள், தேர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அங்கிருந்து தெரியாது. தேருக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. சக்கரத்தோடு ஒட்டி நடந்து, சரியான நேரத்தில் சரியான சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளுவார்கள். அந்தப் பக்கம் தடுக்கும், தேர் திரும்பும். கட்டை இல்லையென்றால் கீழவீதி முக்கில் தேர் நேராக டீக்கடைக்குள் போய்விடும். மாமாவின் இடது கையில் இரண்டு விரல் நிமிராது.

இதை எப்போது திட்டுகிற வார்த்தையாக ஆக்கினோம்? ஆக்கியவர் தேர்ப் பக்கமே போகாத ஆளாக இருக்க வேண்டும்.

உடனே பைக்காரனைத் தூக்கி வைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ரேடியோ ஸ்பாட் இன்னும் வரவில்லை. அதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

17.9.2023

ஃபோக்ஸ்வாகன் பற்றி நான் முதலில் எழுதியதில் பெரிய விஷயத்தை விட்டுவிட்டேன். ‘தனியாக’ என்று வேறு பெருமை அடித்திருக்கிறேன். அந்த விளம்பரத்தைத் தனி ஆள் செய்யவில்லை. ஹெல்மட் குரோன் படம், ஜூலியன் கோனிக் எழுத்து. அதற்கு முன்னால் பெரும்பாலான ஏஜென்சிகளில் எழுதுகிறவர் ஒரு அறையில் எழுதி முடித்து, வரைகிறவரின் அறைக்குத் தாளை அனுப்புவார். அந்த ஏஜென்சியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக் இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். படம் பாதி சொன்னால் எழுத்து மீதியைச் சொல்லும், அந்தப் பேரம் ஒரே மேஜையில்தான் நடக்கும். நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் அமுல் பாப்பா, 1966, எழுத்துப் பக்கம் சில்வெஸ்டர் டகூன்யா, படம் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ். அதுவும் இரண்டு பேர்.

நான் குழுவில் செய்தது பெர்ன்பாக்குக்கு முந்தைய காலத்து வேலை. ‘நீ படம் எடு, நீ ஸ்பாட் எழுது, நீ ரெக்கார்டு எழுது’ என்று வாட்ஸாப்பில் அறை அறையாகப் பிரித்துவிட்டு, ஏன் ஒன்றும் வரவில்லை என்று காத்திருந்தேன். யாரிடமும் உனக்கு என்ன வரும் என்று கேட்கவில்லை. மேலூர்க்காரனுக்கு வீடியோ எடிட்டிங் கொடுத்திருந்தேன், அவனிடம் கம்ப்யூட்டரே கிடையாது.

அப்புறம் இந்த ‘யார் செய்தது’ சண்டை நம்மோடு பிறந்ததில்லை. கோனிக் அப்புறம் ஜார்ஜ் லோயிஸோடு சேர்ந்து 1960-இல் தனி ஏஜென்சி ஆரம்பித்தார். பல வருஷம் கழித்து, தான் செய்ததையெல்லாம் லோயிஸ் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார் என்று புகார். 2009-இல் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றிலேயே இதைச் சொன்னார், அப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. உலகப் புகழ் பெற்றவர்களுக்கே பஞ்சாயத்து முடியவில்லை, ஐம்பது மார்க்குக்கு நாம் அடித்துக்கொள்வதில் என்ன.

24.9.2023

ஆறு பேரும் மேலூர்க்காரன் வீட்டில் உட்கார்ந்தோம். அவன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதில்லை, நாங்கள்தான் பிடிக்க வேண்டும். அவன் முகம் முதல் தடவையாக மூன்றேகாலுக்கு நிம்மதியாக இருந்தது.

கீரைக்கார அம்மா சொன்னதைக் கையெழுத்துக்காரி படித்தாள். மேலூர்க்காரன் எழுந்து போய்ச் சமையலறைக் கதவை இழுத்தான். பின்னால் ஒரு ஆணி. எண்ணினோம், பதினோரு பை. எல்லாம் கல்யாணப் பை. பெயரெல்லாம் துவைத்துத் துவைத்துப் பாதி அழிந்து, ‘திருவளர்ச்செல்வன்’ மட்டும் மிச்சம்.

கேமராக்காரி எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். ஃபிளாஷ் வேண்டாம் என்றாள். ஐந்து மணி வெயில் ஜன்னல் வழியாக அந்தக் கதவில் விழும்வரை தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை (சொல்ல ஆரம்பித்தேன், கையெழுத்துக்காரி என் கையைப் பிடித்தாள்). படத்தில் பாதி திறந்த கதவு, ஆணி, கொத்தாகப் பைகள், மேலே ஒரு கோடு வெயில். வரியை நாங்கள் எழுதவே வேண்டியிருக்கவில்லை. மேலே பெரிதாக ‘யாருக்குக் கல்யாணம்?’ கீழே சின்னதாக ‘யாருக்கோ நடந்தது. பை உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.’ இரண்டாவது வரி லேப்டாப்காரனுடையது. இத்தனை நாளும் அவனை லேப்டாப்பாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் கைதட்டும்போது பைக்காரன் மறுபடியும்: “சந்தைக்கு வந்தப்புறம் இதப் பாத்து என்ன பண்றது? பை வீட்டுலல்ல இருக்கு.”

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை. போஸ்டரைப் பார்த்து மனம் மாறுகிறவர் அந்த நேரத்தில் கையில் பை இல்லாமல் நிற்கிறார். வீட்டை விட்டுக் கிளம்பும் அந்த ஒரு நிமிஷத்தில் அல்லவா இதைச் சொல்ல வேண்டும்? அவனே வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். ஸ்கூட்டரில் சாவி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், பை மாட்டுகிற கொக்கிக்கு மேலே, இரண்டுக்கு மூன்று அங்குலத்தில் ஒரு ஸ்டிக்கர். ஒரு ஆணி, ஒரு பை, ‘கதவுக்குப் பின்னால்!’ என்று இரண்டே வார்த்தை. படித்துவிட்டு இறங்கி உள்ளே போய் எடுத்துவர வேண்டியதுதான்.

ஸ்கூட்டர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன். கட்டை போடுவது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. தாழ்ப்பாளுக்கு மேலே ஒட்டலாம் என்று மேலூர்க்காரன் உடனே சொல்லிவிட்டான்.

8.10.2023

படிவத்தில் எவ்வளவு போட்டேன் என்று கேட்கிறார்கள். பைக்காரனுக்குப் பத்துக்கு மூன்று. 25-ஆம் தேதி போட்டேன், 27-ஆம் தேதி சந்தை. மாற்ற முடியுமா என்று கேட்டேன், சீல் வைத்தாகிவிட்டது என்றார்கள். அவன் எனக்கு எவ்வளவு போட்டிருப்பான் என்று தெரியாது. நான் அவனாக இருந்தால் இரண்டு போட்டிருப்பேன்.

லட்டானே ஆராய்ச்சியை வைத்து யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதி வைத்தால் போதும் என்று எழுதியிருந்தேனே, அதையும் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கத்தினால் டெசிபெலில் அளக்கலாம். “இத எங்க ஒட்டப் போறோம்” என்று கேட்டதை எதில் அளப்பது?

(ரேடியோ ஸ்பாட் வந்துவிட்டது. சுமார்தான்.)

25.10.2023

பிரஸ்ஸிலிருந்து எழுதுகிறேன். திங்கள்கிழமை ஆயுத பூஜை, மெஷின் நெற்றியில் சந்தனம் குங்குமம் இன்னும் இருக்கிறது, வாழைக்கன்று வாடித் தொங்குகிறது. முதல் பிரிண்டில் ஸ்டிக்கர்ப் பை எலுமிச்சம்பழ நிறத்தில் வந்தது. ஸ்கிரீனில் மஞ்சளாகத்தான் இருந்தது என்று வாதாடினேன். அண்ணன் பேசாமல் மஞ்சளோடு மெஜந்தா பதினைந்து சதவீதம் ஏற்றினார். கல்யாணப் பை வந்துவிட்டது. “ஸ்கிரீன் வெளிச்சத்துல காட்டும் பாப்பா, பேப்பர்ல வெளிச்சம் ஏது” என்றார். மூன்று வருஷம் ஆர்ஜிபி (ஸ்கிரீன் நிறம்), சிஎம்ஒய்கே (அச்சு நிறம்) வித்தியாசம் படித்திருக்கிறேன்.

கர்வ் பண்ணிக் கொண்டுபோயிருந்தேன். அதற்கு ஒரு சபாஷ் கிடைத்தது. 200 ஸ்டிக்கர், ஒரு போஸ்டர். கணக்கு கையெழுத்துக்காரியிடம்.

5.11.2023

மதிப்பீடு முடிந்தது. 50-க்கு 38, ஆறு பேருக்கும் ஒரே மார்க். ரகசியப் படிவம் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளருக்குப் பிடித்தது எது தெரியுமா? இணைப்பில் ‘நிராகரித்த வடிவம்’ என்று வைத்திருந்த என் வெள்ளைப் போஸ்டர். இன்டர்நேஷனல் லுக் இருக்கிறதாம், அதை ஏன் விட்டீர்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பைக்காரன் “அத பாத்தா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு சார்” என்றான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டிக்கருக்கு மார்க் ஷீட்டில் கட்டமே இல்லை. போஸ்டர், ஸ்பாட், வீடியோ, ரெக்கார்டு, அவ்வளவுதான்.

முதலில் கேட்டவருக்கு: தனியாகக் கொடுத்திருந்தால் எனக்கு 38-க்கு மேல் வந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த வெள்ளைப் போஸ்டருக்கே வந்திருக்கும். உங்கள் குழுவில் யாராவது வேலை செய்யாமல் கேள்வி மட்டும் கேட்டால் மார்க் போடுவதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள், வேறு ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெறும் சோம்பேறியாகவும் இருக்கலாம், அதுவும் நடக்கும்.

கீரைக்கார அம்மாவுக்கு ஸ்டிக்கர் கொடுத்தோம். தராசில் ஒட்டிக்கொண்டார். தராசு எப்போதும் சந்தையில்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.

6.11.2023

ஸ்டிக்கர் இன்னும் எழுபது சொச்சம் இருக்கிறது. மதுரைக்குள் யாருக்காவது வேண்டுமென்றால் எந்த ஏரியா என்று இங்கே எழுதுங்கள். பைக்காரன் வண்டியில் கொண்டுவந்து கொடுப்பான். அவனிடம் இன்னும் கேட்கவில்லை.